சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?

“அதான் சி.டி. ஸ்கேன் எடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன பயம்?” இதயத் துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன் என்ற சிகிச்சையைச் செய்துகொள்ளப் போகிறவர் வீட்டில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். எங்கள் சித்தப்பாவுக்கு நாள் குறித்தபோது இதைச் சொன்னது நானேதான். “இதயத்துக்குள்ள கரண்ட் வச்சு சுடுறாங்களாம், ஓட்டை விழுந்துடாதா?” என்று சித்தி கேட்டதற்குப் பதிலாகச் சொன்னேன். பின்னால் கொஞ்சம் படித்துப் பார்த்ததில் சித்தியின் கேள்விதான் சரியான கேள்வி என்றும், என் பதில் அரைகுறை என்றும் புரிந்தது.

ஸ்கேன் எடுப்பது உண்மை, அது உதவுவதும் உண்மை. ஆனால் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது, காட்டாததை டாக்டர்கள் வேறு எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

## டிரில்லிங் மெஷின்காரர் கேட்கும் கேள்வி

சுவரில் டி.வி. மாட்ட வேண்டும். டிரில்லிங் மெஷினோடு வருகிறவர் விவரமான ஆள் என்றால் முதலில் கேட்பது, “இந்த இடத்துல உள்ள பைப் போகுதா சார், ஒயரிங் போகுதா?” என்பதுதான். சுவரில் ஓட்டை விழுவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, அதற்குத்தானே வந்திருக்கிறார். பூச்சுக்குள் மறைந்திருக்கிற குழாயும், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த போர்ஷன்காரர் ஒட்டி வைத்திருக்கிற கண்ணாடி பீரோவும்தான் கவலை. வீடு கட்டும்போதே சிலர் பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பத்து வருஷம் கழித்து ஓட்டை போடும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும்.

இதயத்திலும் இதே கதைதான். அப்லேஷன் என்றால், தவறான மின்துடிப்பு கிளம்புகிற அல்லது சுற்றிச் சுற்றி ஓடுகிற ஒரு சின்ன இடத்தை வேண்டுமென்றே செயலிழக்க வைப்பது. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக ஒரு வளையும் குழாயை இதயத்துக்குள் கொண்டுபோகிறார்கள். அந்தக் குழாய்க்குப் பெயர் கதீட்டர், தடிமன் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதன் நுனியால் சுடுவார்கள், அல்லது பலூன் வைத்து உறைய வைப்பார்கள். சுடுவது என்றால் தீ அல்ல, ரேடியோ அலைவரிசை மின்னோட்டம். தசை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த இடம் செத்துத் தழும்பாகிவிடும், தழும்பில் மின்சாரம் ஓடாது. ஓட்டை போடுவது நோக்கமே இல்லை, தழும்பு போடுவதுதான் நோக்கம். (சித்திக்கு இந்த ஒரு வரியைச் சொன்னதும் பாதி நிம்மதி வந்தது.)

சிக்கல் எங்கே என்றால், சூட்டுக்குச் சுவர் முடிகிற இடம் தெரியாது. இதயச் சுவரைத் தாண்டியும் அது போகும். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

## பின் சுவரும் உணவுக்குழாயும்

இன்று அதிகம் அப்லேஷன் செய்யப்படுகிற கோளாறுகளில் ஒன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் தாறுமாறாக நடுங்குவது. 1998இல் பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷேல் ஐசாகேரும் அவர் குழுவினரும், இந்த நடுக்கத்தைக் கிளப்பிவிடும் பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்து வருகிறது என்று காட்டினார்கள். அந்தச் சிரைகள், வழக்கமாக நான்கு, இடது மேலறையின் பின்பக்கத்தில் வந்து சேர்கின்றன. அதனால் சிகிச்சையும் அங்கே போனது: சிரை வாய்களைச் சுற்றி வட்டமாகத் தழும்பு போட்டு, பொறி உள்ளே வராமல் வேலி கட்டிவிடுவது.

இப்போது முதுகுப் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். முதுகெலும்பு, அதற்கு முன்னால் உணவுக்குழாய், அதற்கும் முன்னால் ஒட்டினாற்போல் இடது மேலறையின் பின் சுவர். அந்தச் சுவரின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர், சில இடங்களில் அதைவிடக் குறைவு. சுடும்போது விழும் தழும்போ 4, 5 மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகும். நடுவில் இருப்பது மெல்லிய இதய உறையும் கொஞ்சம் கொழுப்பும்தான், சிலருக்கு அந்தக் கொழுப்பும் பெயருக்குத்தான் இருக்கும்.

எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அப்லேஷனுக்கு முன்னால் பலருக்கு வாய் வழியாக ஒரு குழாயை விழுங்க வைத்து எக்கோ எடுப்பார்கள், இடது மேலறையின் மூலையில் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் சரியாகத் தெரியாதது இதில் பளிச்சென்று தெரிகிறது. காரணம், அந்தக் குழாய் போய் உட்காருகிற உணவுக்குழாய் அந்த அறையின் முதுகிலேயே சாய்ந்துகொண்டிருக்கிறது. படம் எடுக்க ஜன்னலாக உதவுகிற அதே நெருக்கம்தான், சுடும்போது ஆபத்தாக மாறுகிறது.

ஆபத்து என்ன? சூடு பட்ட உணவுக்குழாயில் முதலில் புண் வரும். பெரும்பாலான புண்கள் தாமாகவே ஆறிவிடும். மிக அரிதாக ஒரு புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போய், உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவே வழி திறந்துவிடும். இந்தத் தவறான வழிக்கு ஃபிஸ்டுலா என்று பெயர். உணவுக்குழாயின் காற்றும் கிருமிகளும் நேராக ரத்தத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. கதீட்டர் அப்லேஷனுக்குப் பிறகு இப்படி நேர்ந்ததாக முதல் மருத்துவப் பதிவுகள் வந்தது 2004இல். பல நாட்டு மருத்துவமனைகளின் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான அப்லேஷன்களைத் தொகுத்துப் பார்த்து 2023இல் வெளியான ஆய்வில் கிடைத்த கணக்கு 0.025 சதவீதம், அதாவது நாலாயிரத்தில் ஒருவர். எண் சின்னதுதான். ஆனால் அப்படி ஃபிஸ்டுலா வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். நாலாயிரத்தில் ஒன்றுக்காக இவ்வளவு பாடுபடுகிறார்களா என்று யாராவது கேட்டால், இரண்டாவது எண்ணைச் சொன்னால் போதும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இதயச் சுவர் மெல்லியது, சூடு அதைத் தாண்டும், பின்பக்கம் ஒட்டியபடி உணவுக்குழாய் இருக்கிறது. ஆகவே அது எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு சுட வேண்டும்.

## நேற்று எடுத்த படம், இன்று செய்யும் வேலை

இங்கேதான் சி.டி. வருகிறது. கையில் மருந்து ஏற்றி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, சில விநாடிகளில் எடுத்துவிடுவார்கள். இடது மேலறை எவ்வளவு பெரியது, சிரைகள் நான்குதானா அல்லது இரண்டு சேர்ந்து ஒரே வாயாக வருகின்றனவா, உணவுக்குழாய் இடப்பக்கச் சிரைகளை ஒட்டி இறங்குகிறதா நடுவில் இறங்குகிறதா என்பதெல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாகக் கிடைக்கும். எம்.ஆர்.ஐ.யிலும் இதைப் பெறலாம், கதிர்வீச்சு இல்லை, ஆனால் நேரம் கூடுதலாக ஆகும்.

பூச்சுக்கு முன்னால் எடுத்த செல்போன் படம் இதுதான். ஒரு வித்தியாசம்: சுவருக்குள் இருக்கும் பைப் பத்து வருஷம் ஆனாலும் அங்கேயேதான் இருக்கும். உணவுக்குழாய் அப்படி இல்லை. அது தோட்டத்தில் கிடக்கிற ரப்பர் டியூப் மாதிரி. மேலேயும் கீழேயும் பிடிப்பு இருக்கிறது, நடுவில் தளர்வாகக் கிடக்கிறது. எச்சில் விழுங்கினால் நெளியும், சும்மாவே சுருங்கி விரியும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அது பக்கவாட்டில் 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நகர்வதைப் பல நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். 2 சென்டிமீட்டர் என்றால் ஒரு பக்கச் சிரையின் பின்னால் இருந்தது அறையின் நடுப்பகுதிக்கே வந்துவிடலாம்!

இதயமும் அதே அளவில் இருப்பதில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தபோது எடுத்த சி.டி.யில் ஒரு வடிவம். மயக்கத்தில், வென்டிலேட்டரில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு வடிவம். எனவே “சி.டி. எடுத்தாச்சே” என்று நான் சொன்னது, “போன வாரம் பார்த்தேன், ரோட்டில் டிராஃபிக்கே இல்லை” என்று சொல்வது மாதிரி.

சி.டி. வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அது வரைபடம். வரைபடம் இல்லாமல் போனால் திண்டாட்டம், வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினால் விபத்து.

## கேத் லேபில் அந்த நேரத்துப் படங்கள்

சிகிச்சை நடக்கும் அறைக்குக் கேத் லேப் என்று பெயர். அங்கே ஒன்றல்ல, மூன்று நான்கு விதமான படங்கள் ஒரே சமயத்தில் திரைகளில் ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டுத்தனம் உண்டு.

பழையது எக்ஸ்ரே திரை, ஃப்ளோரோஸ்கோப்பி. ஓடும் எக்ஸ்ரே என்று வைத்துக்கொள்ளலாம். கதீட்டர்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும், எலும்பு தெரியும், ஆனால் இதயச் சுவரும் உணவுக்குழாயும் வெறும் சாம்பல் நிழல். உணவுக்குழாயைத் தெரிய வைக்க பேரியம் பசையை விழுங்க வைப்பதுண்டு, அப்போது அதுவும் கறுப்புக் கோடாக எழுந்து வரும். கூடவே கதிர்வீச்சு. அதனால்தான் அங்கே வேலை செய்கிறவர்கள் ஈய அங்கியைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்கிறார்கள்.

அடுத்தது மேப்பிங். படுக்கைக்கு அடியில் இருக்கும் காந்தப்புலத்தை வைத்துக் கதீட்டர் நுனி எங்கே இருக்கிறது என்று கணினி கண்டுபிடிக்கும். இருட்டறையில் சுவரைத் தடவித் தடவி அறையின் வடிவத்தைத் தெரிந்துகொள்கிற மாதிரி, நுனி தொட்ட புள்ளிகளை எல்லாம் சேர்த்து வண்ண வண்ணமாக ஒரு முப்பரிமாண அறையைத் திரையில் கட்டிவிடும். அதன் மேல் சி.டி. படத்தையும் பொருத்திக்கொள்ளலாம். பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும், அதுவே அதன் ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு துல்லியமாக வண்ணம் பூசிய படத்தைப் பார்க்கும்போது, பொருத்துவதில் சில மில்லிமீட்டர் பிசகு இருக்கலாம் என்பது மறந்துபோகும். இங்கே சுவரின் தடிமனே அந்தச் சில மில்லிமீட்டர்தான்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது: இதயத்துக்குள்ளேயே போகிற எக்கோ, சுருக்கமாக ஐ.சி.இ. கதீட்டர் நுனியில் ஒரு குட்டி அல்ட்ராசவுண்ட் கருவி. அதை வலது மேலறையில் நிறுத்தி இடப்பக்கம் திருப்பினால், இடது மேலறையும் அதன் பின்னால் உணவுக்குழாயும் அந்த நிமிடத்தில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே தெரியும். வலது அறையிலிருந்து இடது அறைக்குப் போக நடுச்சுவரில் ஊசியால் குத்தித்தான் தீர வேண்டும். அந்த இடத்துக்கு முன்பக்கம் உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி, பின்பக்கம் இதயத்தின் வெளிச்சுவர், இரண்டிலும் ஊசி படக்கூடாது. ஐ.சி.இ. திரையில் ஊசி முனை அழுத்தும்போது நடுச்சுவர் கூடாரத் துணி மாதிரி குவிந்து எழும்புவது தெரியும். கூடாரத்தின் உச்சி சரியான இடத்தைப் பார்த்து இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் குத்துவார்கள். எங்காவது கசிந்து இதய உறைக்குள் ரத்தம் சேர ஆரம்பித்தால், ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய கறுப்புக் கீற்றாக இதில் தெரிந்துவிடும். குறை என்றால் விலை. பல இடங்களில் அந்தக் கதீட்டருக்காகத் தனியாக ஒரு பெரிய தொகை பில்லில் ஏறும்.

மறுபடி ஒருமுறை: சி.டி. முன்கூட்டியே எடுத்த வரைபடம். மேப்பிங், கதீட்டர் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் குறி. ஐ.சி.இ., எக்ஸ்ரே இரண்டும் இந்த நொடியின் பார்வை. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கிறார்கள்.

## தெரிந்த பிறகு என்ன செய்வார்கள்?

உணவுக்குழாய் எங்கே என்று தெரிந்துவிட்டது, அது சுட வேண்டிய கோட்டுக்கு நேர் பின்னால். இப்போது என்ன? கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். தள்ள முடியாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் சக்தியைக் குறைத்து அல்லது நேரத்தைக் குறைத்துச் சுடலாம். உணவுக்குழாய்க்குள் வெப்பமானி ஒயரை விட்டு, சூடு ஏறினால் நிறுத்தலாம். இது பரவலான வழக்கம், ஆனால் ஒயர் ஒரு ஓரமாகவும் சூடு இன்னொரு ஓரமாகவும் இருந்தால் வெப்பமானி நிம்மதியாகப் பொய் சொல்லும். இதை வைத்ததால் புண் குறைகிறதா என்று பரிசோதித்த ஆய்வுகளில் தெளிவான பலன் எப்போதும் கிடைத்ததில்லை. உணவுக்குழாயையே ஒரு வளைந்த கம்பியால் பக்கவாட்டில் நகர்த்தி வைப்பதும் உண்டு. அதற்குள் குளிர்ந்த நீர் சுற்றி ஓடும் குழாயை வைப்பதும் உண்டு. அடுத்த போர்ஷன்காரரின் பீரோவை நகர்த்தி வைக்கச் சொல்கிற மாதிரியும், சுவருக்கு அந்தப் பக்கம் ஈரச்சாக்கு போடுகிற மாதிரியும்தான்.

## எந்த ஸ்கேனிலும் தெரியாதவர்கள்

அக்கம்பக்கத்தில் முக்கியமான சிலர் எந்தப் படத்திலும் சரியாகத் தெரிய மாட்டார்கள். வலப்பக்கச் சிரைகளை ஒட்டி ஃப்ரெனிக் நரம்பு இறங்குகிறது. மூச்சு விட வைக்கும் உதரவிதானத்தை ஆட்டுவது இதுதான். வழக்கமான சி.டி.யில் இந்த மெல்லிய நூல் தெரியாது. வலது மேல் சிரையில் பலூன் வைத்து உறைய வைக்கும்போது இந்த நரம்பும் விறைத்துப் போகலாம், அப்புறம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

இதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? மேல் பெருஞ்சிரையில் இன்னொரு கதீட்டரை நிறுத்தி அந்த நரம்பை மின்துடிப்பால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் உதரவிதானம் விக்கல் மாதிரி துள்ளும். ஒருவர் நோயாளியின் வலது விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். துள்ளல், துள்ளல், துள்ளல். பலூனில் வெப்பநிலை மைனஸ் 40ஐத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கும். கைக்கு வரும் துள்ளல் கொஞ்சம் மந்தமானதும் “ஸ்டாப்!” என்று குரல் வரும், அடுத்த நொடி உறைவிப்பது நிற்கும். சரியான நேரத்தில் நிறுத்தினால் நரம்பு பெரும்பாலும் மீண்டுவிடும். அத்தனை கோடி ரூபாய்க் கருவிகள் இருக்கிற அறையில், அந்த நிமிடம் நம்பியிருப்பது ஒரு மனிதரின் உள்ளங்கையை.

இன்னொருவர் ஏ.வி. நோடு. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் ஒரே வாசல். திடீரென்று படபடப்பு கிளம்பும் ஒரு வகைக் கோளாறுக்கு இதற்கு மிக அருகில்தான் சுட வேண்டும். இந்த வாசல் சேதமானால் வாழ்நாள் முழுக்கப் பேஸ்மேக்கர். தசையோடு தசையாக இருப்பதால் சி.டி.யில் பார்த்துப் பயனில்லை. ஆகவே காது கொடுக்கிறார்கள்: அதன் தொடர்ச்சியான ஹிஸ் கற்றையிலிருந்து வரும் சின்ன மின்கீறலைக் கதீட்டரில் பிடித்து, அந்த இடத்தைத் திரையில் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து விலகிச் சுடுகிறார்கள். சுடும்போது ஈ.சி.ஜி.யில் மேலறைத் துடிப்புக்கும் கீழறைத் துடிப்புக்கும் உள்ள இடைவெளி நீள ஆரம்பித்தால் உடனே கால் பெடலிலிருந்து எழும்பும்.

இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், ஆனால் இவர்கள் படத்தில் நன்றாகத் தெரிவார்கள். மகாதமனியின் அடிவாரத்திலோ இதயத்தின் வெளிப்புறத்திலோ சுட வேண்டியிருந்தால் அங்கேயே ஆஞ்சியோ எடுத்து, கதீட்டர் நுனிக்கும் தமனிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் பொதுவாகச் சுட மாட்டார்கள்.

## “இப்போ புதுசா ஒண்ணு வந்திருக்காமே”

வந்திருக்கிறது. பல்ஸ்டு ஃபீல்டு அப்லேஷன். சூடும் இல்லை, குளிரும் இல்லை. மைக்ரோ விநாடிக் கணக்கில் மிகக் குறுகிய, பலமான மின்துடிப்புகளைக் கொடுத்து, செல்களின் சவ்வில் நுண்துளைகள் போட்டு அவற்றைச் சாகடிப்பது. இதயத் தசைச் செல்கள் இதற்குச் சீக்கிரம் சாய்ந்துவிடும், உணவுக்குழாயும் நரம்பும் அதே அளவைத் தாங்கிக்கொள்ளும். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. இவ்வகைக் கருவி ஒன்றுக்கு முதல் அனுமதி கொடுத்தது 2023 டிசம்பரில்.

அப்படியானால் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டாமா? வேண்டும். கரோனரி தமனிக்கு அருகில் கொடுத்தால் தமனி சுருங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள், ஃப்ரெனிக் நரம்பு சில நேரம் தற்காலிகமாக மயங்குகிறது. நடுச்சுவரில் ஊசி குத்துவதும் அப்படியேதான் இருக்கிறது. உணவுக்குழாய்ப் பயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அது பெரிய விஷயம்தான். ஆனால் இதில் ஆபத்தே இல்லை என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

## வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு படம்

ஃபிஸ்டுலா உடனே வருவதில்லை. சிகிச்சை முடிந்து ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள், சிலருக்கு இரண்டு மாதம் வரைகூட, எல்லாரும் அப்லேஷனையே மறந்திருக்கிற நேரத்தில் காய்ச்சல், விழுங்கும்போது நெஞ்சு வலி, வாந்தியில் ரத்தம், பக்கவாதம் மாதிரி கை கால் விளங்காமல் போவது என்று தொடங்கும். வெறும் காய்ச்சல்தானே என்று பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவது நம் பழக்கம். அல்லது விழுங்க வலிக்கிறது என்றதும் எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக்கொடுப்பார்கள். இந்த நிலையில் எண்டோஸ்கோப்பி ஆபத்து. அதில் உணவுக்குழாயைக் காற்றடித்து விரிப்பார்கள், வழி திறந்திருந்தால் அந்தக் காற்று இதயத்துக்குள் போய் அங்கிருந்து மூளைக்குப் போகும். முதலில் எடுக்க வேண்டியது மருந்து ஏற்றி நெஞ்சுக்கு சி.டி.

சித்தப்பா டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த தாளில் மாத்திரைப் பட்டியல் ஒன்றரைப் பக்கம் இருந்தது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானே பேனாவை எடுத்து, மேல் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்: “அப்லேஷன் ஆனவர். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ விழுங்கும் வலியோ வந்தால் அப்லேஷன் செய்த டாக்டருக்குப் போன், முதலில் நெஞ்சு சி.டி., எண்டோஸ்கோப்பி வேண்டாம்.” சித்தி அதை ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.